எரியாமல் எரியும் தீ

விருதுநகரிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் சிவகாசி. வானம் பார்த்த கரிசல் பூமி அது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த ஊர் அன்றுமுதல் நெருப்பையே விளைபொருளாக்கிக் கொண்டது. இன்று நம் தேசத்தில் தீபாவளிக்குக் கொளுத்தப்படும் பட்டாசுகளில் பெரும்பகுதி அந்த வட்டாரத்திலிருந்தே வருகிறது.

நாம் சொல்லப் புகுந்தது வேறொரு தீயைப் பற்றி. அது நம் ஒவ்வொருவர் தேகத்திலும் இமைப்பொழுதும் ஓயாமல் எரிந்து கொண்டிருக்கிறது. பிராணிகள் மூச்சு விடுவதும் விறகு எரிவதும் அடிப்படையில் ஒரே ரசாயனக் காரியந்தான் என்பதைப் பிரெஞ்சு தேசத்து லவாசியே 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை ஒரு கை பார்த்தவர்கள், தாம் எத்தனை விறகை உள்ளே தள்ளினோம் என்று எண்ணிப் பார்க்கலாம்! அவ்வளவு எண்ணெயும் மாவும் அடுப்பில் விழுந்திருந்தால் சுவாலை எழும்பியிருக்கும். வயிற்றுக்குள் போனபின்போ, தேகச் சூடு 37 டிகிரியைத் தாண்டுவதில்லை. இது எப்படிச் சாத்தியமாகிறது?

முதலில் பட்டாசைப் பார்ப்போம். அதற்குள் இருக்கும் 'மருந்தில்' கந்தகமும் கரியும் அலுமினியத் தூளும் எரிபொருள்கள். வெடியுப்போ பிராணவாயுவைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும் பொருள். எரிபொருளையும் பிராணவாயுவையும் நுண்ணிய தூளாக்கி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே காகிதச் சுருளுக்குள் நெருக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பொறி விழுந்தால் போதும். வெளிக்காற்றுக்குக் காத்திராமல் அத்தனையும் ஒரு நொடியில் தீர்ந்துவிடுகிறது.

தேகத்தின் ஏற்பாடு இதற்கு நேர் எதிரானது. அங்கே எரிபொருள் ஒரு கோடியில், பிராணவாயு மறு கோடியில். இரண்டுக்கும் நடுவே ஒரு சவ்வு!

பள்ளிப் பாடநூல்கள் இழைமணி என்று அழைக்கும் மைட்டோகாண்டிரியாவை மாணவர்கள் அறிவார்கள். பெரும்பாலான உயிரணுக்களுக்குள் நூற்றுக்கணக்காகவும், இருதயம் போன்ற ஓயாத உறுப்புகளில் ஆயிரக்கணக்காகவும் இருக்கும் நுண்ணிய பைகள் அவை. ஒவ்வொரு பைக்கும் இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு சல்லடை போன்றது. சிறு பொருள்கள் எளிதில் வந்து போகும். உட்சவ்வு அப்படியன்று. புரோட்டான் எனப்படும் ஹைட்ரஜன் துகளைக்கூட அது எளிதில் விடாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஏழு கூறு கனமே உள்ள இந்தச் சவ்வு, மடித்து வைத்த விசிறி போல் உள்ளே பல மடிப்புகளாகக் கிடக்கிறது. சிற்றிடத்தில் பெரும்பரப்பு வேண்டுமல்லவா? 1950-களின் தொடக்கத்தில் எலெக்ட்ரான் நுண்பெருக்கியால் இம்மடிப்புகளை முதலில் கண்டவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பலாடே.

நாம் உண்ட உணவிலிருந்து பிரித்தெடுத்த எலெக்ட்ரான்கள் இந்தச் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் வழியே, படிக்கட்டில் இறங்குவது போல், கையிலிருந்து கைக்கு மாறிச் செல்கின்றன. கடைசிப் படியில்தான் நாம் சுவாசித்த பிராணவாயு காத்திருக்கிறது; அங்கே தண்ணீர் உண்டாகிறது. எலெக்ட்ரான் ஒவ்வொரு படியாக இறங்கும்போது விடுபடும் சக்தியைக் கொண்டு, புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே இறைக்கப்படுகின்றன. கவலை இறைத்துக் கிணற்று நீரை மேட்டுத் தொட்டியில் சேர்ப்பது போலத்தான். இப்படிச் சேர்ந்ததன் விளைவாகச் சவ்வின் இரு புறத்துக்கும் இடையே ஏறக்குறைய 150 மில்லிவோல்ட் மின்னழுத்தம் உண்டாகிறது. இது அற்பமன்றோ என்று தோன்றும். சவ்வின் கனத்தோடு கணக்கிட்டால் மீட்டருக்கு இரண்டு கோடி வோல்ட் ஆகிறது!

தொட்டியில் தேங்கிய புரோட்டான்கள் திரும்பி வர ஒரே மதகு. அந்த மதகில் ஒரு சக்கரம். புரோட்டான் பாய, அது நிஜமாகவே சுழல்கிறது. வினாடிக்கு நூறு சுற்றுக்கு மேலும் சுழலவல்லது. இச்சுழற்சியை 1997-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்ணாரக் கண்டார்கள். சுற்றுக்கு மூன்று வீதம் அது வார்த்துத் தள்ளும் பொருளே ஏடிபி. தசை அசைவதும் மூளை நினைப்பதும் அந்த நாணயத்தைச் செலவிட்டுத்தான். எந்நேரமும் தேகத்தில் இருப்பு ஐம்பது, நூறு கிராம் அளவே. ஆனால் அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்து, ஒரு நாளில் தன் எடையளவு ஏடிபியை மனிதன் செலவழிக்கிறான்.

இந்த ஏடிபியை 1929-இல் கண்டவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு என்பதை எத்தனை வீடுகளில் அறிவார்கள்? பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து இதைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே கண்டார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குச் சென்றதால், ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் தாழ்ந்த பட்டமே பெற்றவர் அவர்.

தொட்டியும் மதகும் என்ற இந்தக் கருத்தை 1961-இல் வெளியிட்டவர் ஆங்கிலேயரான பீட்டர் மிட்செல். அறிஞர்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. அவரோ கார்ன்வாலில் பழைய மாளிகை ஒன்றைச் செப்பனிட்டுச் சொந்த ஆராய்ச்சிசாலை அமைத்துக் கொண்டார். 1978-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

மேட்டுத் தொட்டியில் ஓட்டை விழுந்தால்? இயற்கையே சில இடங்களில் அளவாக ஓட்டை வைத்திருக்கிறது. பச்சிளங் குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. அதன் தோளிலும் முதுகிலும் உள்ள பழுப்புக் கொழுப்பின் உட்சவ்வில் தனிக் கதவு ஒன்று திறக்கும். புரோட்டான்கள் சக்கரத்தைச் சுற்றாமல் வீணே உள்ளே பாய, அச்சக்தி வெறும் உஷ்ணமாகிக் குழந்தையைக் காக்கிறது. தேவை தீர்ந்ததும் கதவு மூடிக்கொள்ளும்.

மூடாத கதவைத் திறந்து வைத்தவன் மனிதன். முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சு வெடிகுண்டு ஆலைகளில் டைநைட்ரோஃபீனால் என்னும் மஞ்சள் தூள் புழங்கியது. (இது யுத்தச் சரக்கு, தீபாவளி வாணங்களுக்கு இதனோடு தொடர்பில்லை.) அதைக் கையாண்ட தொழிலாளர்கள் இளைத்தார்கள், வியர்வை ஆறாய்ப் பெருகியது, காய்ச்சல் ஏறியது, பலர் மாண்டார்கள். கொல்லும் அந்தக் குணத்திலேயே 1933-இல் ஸ்டான்ஃபோர்டு வைத்தியர்கள் ஒரு லாபத்தைக் கண்டார்கள். தேகத்தை இளைக்கச் செய்கிறதே, தடித்தவர்களுக்குக் கொடுத்தால் என்ன! ஓராண்டுக்குள் லட்சம் பேருக்குக் குறையாமல் அதை விழுங்கியிருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உயிரையே இழந்தார்கள். 1938-இல் அமெரிக்க அரசாங்கம் அதை மனிதர் உண்ணத் தகாதது என்று விலக்கியது.

அது செய்யும் வேலை எளியது. புரோட்டானை ஏந்திக்கொண்டு உட்சவ்வைத் தாண்டி உள்ளே போய் இறக்கிவிடும். திரும்பி வந்து மீண்டும் ஏந்தும். மதகுச் சக்கரம் மெலிந்து நிற்கும். ஏடிபி குறைந்ததென்று தேகம் மேலும் மேலும் கொழுப்பை எரிக்கும், எரித்ததெல்லாம் உஷ்ணம். அளவு சிறிது மிஞ்சினாலும் தேகம் உள்ளிருந்தே வேகும். மாற்று மருந்து கிடையாது. வெளியிலிருந்து குளிர்வித்துப் பார்ப்பதைத் தவிர வைத்தியர்களால் செய்யக்கூடியது சொற்பம்.

பழங்கதை என்று இதை ஒதுக்குவதற்கில்லை. கொழுப்பைக் கரைக்கும் குளிகை என்று இணையத்தில் இதை இன்றும் விற்கிறார்கள். மேனாடுகளில் இளம் வயதினர் பலர் இறந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2023 அக்டோபர் முதல் இது உரிமம் இன்றி வைத்திருக்கக் கூடாத விஷங்களின் பட்டியலில் சேர்ந்துள்ளது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளையோ, இளைக்க விரும்பும் பெண்ணோ வீட்டில் இருந்தால், தபாலில் வரும் பொட்டலத்தின் மேல் 'டிஎன்பி' என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துவிடட்டும். உள்ளே இருப்பது மஞ்சள் நிறத் தூளாகவோ, அதை அடைத்த குளிகையாகவோ இருக்கும்.