அடுப்பு மாறியது, கோச்சி குறைந்தது

ஒரு வீட்டு அடுப்பில் என்ன எரிகிறது என்பது அந்த வீட்டுச் சுவருக்குள்ளேயே முடிந்துபோகும் காரியம் என்று நாம் எண்ணுகிறோம். விறகு போய் மண்ணெண்ணெய் வந்தது. மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்தது. விறகு கொண்டுவந்த கரத்தைக்காரரும் மண்ணெண்ணெய் வண்டிக்காரரும் அதன்பின் எங்கே போனார்கள் என்று நாம் விசாரித்ததில்லை.

ஒரு வீடல்ல, ஒரு முழு நாடே தன் அடுப்பை மாற்றினால் என்ன நடக்கும்? அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடமொன்று இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. லிங்கன்ஷயரின் வடக்கே உள்ள பார்னட்பி எனும் சிற்றூரின் புகையிரத நிலையமே அது. வாசக சகோதரிகளைச் சற்று அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கோச்சி பார்க்க வந்த கூட்டம்

பயணம் போவதற்காக அல்லாமல், கோச்சியைப் பார்ப்பதற்காகவே நிலையத்துக்குப் போகும் மனிதர்கள் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். பிரித்தானியாவில் அப்படியொரு பெருங்கூட்டமே உண்டு. கையில் குறிப்புப் புத்தகம், பையில் சாப்பாடு, போத்தலில் சுடுதேநீர். மேடையின் ஓரத்தில் நின்று, கடந்து செல்லும் ஒவ்வோர் எஞ்சினின் இலக்கத்தையும் எழுதிக்கொள்வார்கள்.

இப்பழக்கத்தை நாடெங்கும் பரப்பியவர் இயன் அலன் என்பவர். அவர் சதேர்ன் புகையிரதக் கம்பனியில் ஓர் இளம் ஊழியர். எஞ்சின்களைப் பற்றி விசாரித்து வரும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதிச் சலித்துப்போய், 1942ஆம் ஆண்டு எஞ்சின் இலக்கங்களை ஒரு சிறு நூலாக அச்சிட்டார். அதன்பின் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் சட்டைப்பையில் அத்தகைய நூல்கள் இடம்பிடித்தன.

இவர்கள் விரும்பிச் சென்ற இடங்களுள் பார்னட்பியும் ஒன்று. அவ்விடத்துக்கு என்ன சிறப்பு? வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையே இயற்கையாக அமைந்த ஓர் இடைவெளியில் இவ்வூர் இருக்கிறது. கிழக்கே இம்மிங்ஹாம், கிரிம்ஸ்பி துறைமுகங்கள். மேற்கே ஸ்கந்தோர்ப் உருக்கு ஆலையும் யோர்க்ஷயரின் பெரும் மின் நிலையங்களும். ஊரின் மேற்குப் புறத்திலுள்ள ரோபி சந்தியில் பாதை மூன்றாகப் பிரிகிறது. எங்கிருந்து எங்கே போவதாயினும் இந்த வாசலைத் தாண்டியே போக வேண்டும். ஆகவே நிலக்கரி வண்டி, இரும்புத்தாது வண்டி, எண்ணெய்த் தாங்கி வண்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, இரவு பகலென்று பாராமல் ஓடிக்கொண்டிருந்தன.

நூற்றுமுப்பத்தேழு நெம்புகோல்கள்

இத்தனை வண்டிகளையும் மோதாமல் அனுப்புவதற்கு அங்கே ஒரு சமிக்ஞைக் கூடம் இருந்தது. 1916ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரோபி சந்திக் கூடத்தில் 137 நெம்புகோல்கள் வரிசையாக நின்றன. ஒன்றை இழுத்தால் தூரத்தில் கைகாட்டி சாயும். இன்னொன்றை இழுத்தால் தண்டவாளத்தின் நாக்கு நகரும். வியர்வை பட்டால் நெம்புகோலின் பளபளப்பான பிடி துருப்பிடிக்கும் என்பதால், இத்தகைய கூடங்களில் வேலை செய்வோர் கையில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டே அதை இழுப்பது வழக்கம். "வண்டி வருகிறது" என்று பக்கத்துக் கூடத்துக்கு மணியடித்து அறிவிப்பார்கள்.

உச்சியை எட்டிய கரி

இம்மிங்ஹாம் துறைமுகத்தின் வரலாறு விசித்திரமானது. 1912ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதைத் திறந்துவைத்தார். இங்கிலாந்தின் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரியை வெளிநாடுகளுக்கு ஏற்றுவதே அதைக் கட்டியதன் முக்கிய நோக்கம். ஆனால், 1984-85ஆம் ஆண்டுகளின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மின் நிலையங்களுக்கோ கரி தேவை. அதனால் ரஷ்யா, கொலம்பியா, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் கரி வந்து அதே இம்மிங்ஹாமில் இறங்கியது. கரியை வெளியே அனுப்பக் கட்டிய வாசல், கரியை உள்ளே எடுக்கும் வாசலாயிற்று. கோச்சி மட்டும் குறையவில்லை. நிரம்பிய பெட்டிகள் மேற்கே போயின. வெறும் பெட்டிகள் கிழக்கே திரும்பின.

இவ்வண்டிகள் மின் நிலையத்துக்குள் நுழைந்ததும் நிற்பதில்லை. ஆள் நடக்கும் வேகத்திலும் மெதுவாக ஊர்ந்துகொண்டே, பெட்டிகளின் அடிக்கதவுகள் திறந்து கரியைக் கொட்டிவிட்டு, வளைந்த பாதையால் சுற்றித் திரும்பிவிடும். அதற்கு "குடைராட்டினம்" என்ற பொருள்படும் பெயரையே அங்கே வைத்திருந்தார்கள்.

2012ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் மின்சாரத்தில் நூற்றுக்குச் சுமார் 40 வீதம் நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. 2013-14ஆம் ஆண்டில் கோச்சியில் சென்ற சரக்கின் அளவு 2,270 கோடி தொன்-கிலோமீற்றர். ஒரு தொன் பாரத்தை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோவதே ஒரு தொன்-கிலோமீற்றர். அதில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் நிலக்கரிதான்.

வரியொன்று செய்த வேலை

அந்த நிலை மாறியதற்குப் புகையிரதம் காரணமல்ல. தண்டவாளம் பழுதாகவில்லை, எஞ்சினும் கெடவில்லை. எரிபொருளிலிருந்து வெளியாகும் கரியமில வாயுவுக்கு அரசாங்கம் 2013ஆம் ஆண்டு ஒரு வரி விதித்தது. 2015 ஏப்ரல் மாதம் அதைத் தொன்னுக்குச் சுமார் 9½ பவுணிலிருந்து 18 பவுணுக்கு உயர்த்தியது. ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி, எரிவாயுவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரியமில வாயுவை வெளியிடும். ஆகவே வரியின் பாரம் கரியின் தலையில்தான் இறங்கியது.

2015ஆம் ஆண்டு இந்தக் கதையில் மறக்க முடியாத ஆண்டு. ஜூன் மாதத்தில் இயன் அலன் காலமானார். டிசெம்பர் 18ஆம் திகதி, நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெலிங்லி மூடப்பட்டது. அதே மாதக் கடைசியில் ரோபி சந்திக் கூடத்தின் நெம்புகோல்களும் ஓய்ந்தன. 2016 ஜனவரியில் கைகாட்டிகள் இருந்த இடத்தில் வர்ண விளக்குகள் வந்தன. அவற்றை யோர்க் நகரிலிருந்து கணினியால் இயக்குகிறார்கள். 2013-14இல் 2,270 கோடியாக இருந்த சரக்கு 2015-16இல் 1,780 கோடியாக வீழ்ந்தது.

பின்னர் மின் நிலையங்கள் வரிசையாக மூடின. 2016இல் பெரிபிரிட்ஜ், 2018இல் எக்பரோ, 2019இல் கொட்டம், 2023இல் வெஸ்ட் பேர்ட்டன். ட்ராக்ஸ் நிலையம் கரியை விட்டு, அமெரிக்காவிலிருந்து வரும் மரத்தூள் உருண்டைகளுக்கு மாறியது. அவை நனையக்கூடாது என்பதால் மூடிய பெட்டிகளில் வருகின்றன. பார்னட்பிக்கு மிஞ்சிய சில வண்டிகளுள் அவையும் அடங்கும். மரத்தை எரிப்பது எந்த அளவுக்கு நல்லது என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

இறுதியாக எஞ்சியது ரட்கிளிப் நிலையம். 2024 ஜூன் மாதக் கடைசியில் அங்கே சென்ற கடைசிக் கரி வண்டி 1,650 தொன் ஏற்றிச் சென்றது. அது ஐந்து இலட்சம் வீடுகளுக்கு எட்டு மணித்தியால மின்சாரம் என்று கணக்கிட்டார்கள். சகோதரிகளே, ஒரு கோச்சி என்பது எத்தனை சமையலறைகள் என்பதை இதைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி ரட்கிளிப் மூடப்பட்டது. 1882இல் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரம் 142 ஆண்டுகளின் பின் முடிவுக்கு வந்தது.

இலாபமும் நட்டமும்

இதைத் துக்கச் செய்தியாக மட்டும் சொல்வது நியாயமாகாது. 1952 டிசெம்பரில் லண்டனை மூடிய கரிப்புகை மூட்டத்தால் குறைந்தது 4,000 பேர் இறந்தார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. வீட்டு அடுப்புகளும் மின் நிலையங்களும் கக்கிய புகைதான் அது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் அதன் பிறகே வந்தது. குழந்தையின் மூச்சிரைப்பைக் கேட்டு இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்கு, கரி குறைவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

கரி விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியவற்றுள் கடற்காற்றும் ஒன்று. பார்னட்பிப் பாதையின் கிழக்கே உள்ள கிரிம்ஸ்பி, ஒரு காலத்தில் மீன்பிடிக்குப் பேர்போன ஊர். இன்று ஹோர்ன்சி எனும் கடற்காற்றாலைகளைப் பராமரிக்கும் படகுகள் அங்கிருந்து புறப்படுகின்றன. பக்கத்து ஊருக்குப் பிழைப்பு வந்தது. ஆனால் காற்றுக்குக் கோச்சி வேண்டாம். அது கடலடிக் கம்பி வழியே மின்சாரமாகவே கரைக்கு வந்துவிடும்.

நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சரக்குக் கோச்சி செத்துவிடவில்லை. கொள்கலன்களும் கட்டடக் கற்களும் வேறு பாதைகளில் நிறைய ஓடுகின்றன. நாட்டின் கணக்கில் ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடும். கரி வண்டியையே நம்பிய சாரதிக்கும், பெட்டி திருத்துபவருக்கும், சுரங்கத் தொழிலாளிக்கும் அந்தக் கூட்டல் கழித்தலால் வீட்டில் உலை கொதிக்காது.

அரசிகளின் பெயரில் உலைகள்

பார்னட்பியைக் கடக்கும் இரும்புத்தாது வண்டியின் கதை இன்னும் கவலைக்குரியது. அது போய்ச் சேரும் ஸ்கந்தோர்ப் ஆலையின் நான்கு ஊதுலைகளுக்கும் அரசிகளின் பெயர்கள்: மேரி, விக்டோரியா, ஆன், பெஸ். 2025ஆம் ஆண்டில் எரிந்துகொண்டிருந்தவை ஆனும் பெஸ்ஸும் மட்டுமே. நாளொன்றுக்குச் சுமார் ஏழு இலட்சம் பவுண் நட்டம் என்று சீன உரிமையாளர்கள் கூறினர். 2,700 பேர் வரை வேலையிழக்கும் அபாயம் வந்தது.

ஊதுலையை நம் வீட்டு அடுப்பைப்போல் அணைத்துப் பற்றவைக்க முடியாது. உள்ளேயிருக்கும் இரும்பு உறைந்தால் உலையே பாழாகிவிடலாம். ஆகவே 2025 ஏப்ரல் 12, ஒரு சனிக்கிழமை, விடுமுறையிலிருந்த பாராளுமன்றத்தைக் கூட்டி, ஒரே நாளில் சட்டம் நிறைவேற்றி, ஆலையின் நிருவாகத்தை அரசாங்கம் கையிலெடுத்தது. இம்மிங்ஹாமுக்குக் கப்பலில் வந்த மூலப்பொருள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அருகிலுள்ள லிண்ட்சி எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தின் கம்பனியும் நொடித்துப்போனது. கரி போயிற்று, எண்ணெய் வண்டிக்கு ஆபத்து, தாது வண்டி சட்டத்தின் தயவில் ஓடியது.

இந்தச் சின்ன நிலையத்தின் மேடையில் குறிப்புப் புத்தகத்தோடு நின்றவர்கள் எழுதியவை வெறும் இலக்கங்கள் என்று பலர் கேலி செய்தார்கள். ஆனால் ஒரு நாடு எதை எரித்தது, எதை உருக்கியது, எப்போது நிறுத்தியது என்பதற்கு அவையும் ஒரு சாட்சி.

நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது

நமது நாட்டுப் புகையிரதமும் சரக்குக்காகப் பிறந்ததுதான். மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கவே கண்டிப் பாதை போடப்பட்டது. 1867இல் கோச்சி கண்டியை அடைந்தது. இரண்டே ஆண்டில் கோப்பி இலைக்கு நோய் கண்டது. கோப்பி அழிந்தபோது தேயிலை அந்தப் பெட்டிகளில் ஏறியது. நமக்கு அப்படியொரு மாற்றுச் சரக்கு வாய்த்தது. எல்லா ஊருக்கும் அது வாய்ப்பதில்லை.

நமது மின்சாரத்திலும் நிலக்கரி உண்டு. 900 மெகாவாற் திறனுள்ள நுரைச்சோலை நிலையத்துக்குக் கரி கப்பலில் வருகிறது. தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்காக முன்கூட்டியே குவித்து வைக்கிறார்கள். புதிதாக நிலக்கரி மின் நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் நமது அரசாங்கமும் உலக அரங்கில் வாக்களித்தது. ஆகவே, இருக்கும் நிலையத்தை மூடும் நாள் நமக்கும் ஒருநாள் வரும். அது நல்ல நாளாகவே இருக்கலாம். பார்னட்பியில் கரி வரத்துக் குறைவதற்கு, வரி உயர்ந்த பின் ஓரிரு ஆண்டுகளே போதுமாயிருந்தன. நுரைச்சோலையில் வேலை செய்பவர்களின் வீடுகளுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்பதை, அந்த நாள் வருமுன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நமது கடமை.