மேடு பள்ளச் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் கார்கள் திணறுவது ஏன்?

புதுதில்லி: பந்தயத் தளத்தில் சீறிப்பாயும் ஸ்போர்ட்ஸ் கார்கள், மேடு பள்ளமான சாலைகளில் தடுமாற அவற்றின் வடிவமைப்பே காரணமாகும்.

வளைவுகளில் கார் சாய்வதைக் குறைக்க, விறைப்பான ஸ்பிரிங்குகளும், குறைந்த தூரமே மேலும் கீழும் அசையும் சஸ்பென்ஷனும் இவற்றில் பொருத்தப்படுகின்றன. டயரின் பக்கச்சுவரும் உயரம் குறைந்தது என்பதால் அதிர்வை அதிகம் உள்வாங்காது. விளைவாக, குழியில் இறங்கி ஏறும் சக்கரம் கணநேரம் தரையை விட்டு எழும்பக்கூடும். அப்போது பிரேக்கோ ஸ்டீயரிங்கோ முழுப் பலன் தராது. விலை எத்தனை கோடியானாலும், டயர் தரையைத் தொட்டால்தான் பிடிமானம்.

தரை இடைவெளி மற்றொரு சிக்கல். இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலில் வேகத்தடைக்கு 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கூறப்பட்டுள்ளன. பல ஸ்போர்ட்ஸ் கார்களின் தரை இடைவெளியோ 10 முதல் 13 செ.மீ. வரை மட்டுமே. அளவை மீறிச் செங்குத்தாக எழுப்பப்படும் வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுவது இதனால்தான். முன்பகுதியைச் சற்று உயர்த்தும் வசதி சில கார்களில் உண்டு. ஆனால் அது குறைந்த வேகத்தில் மட்டுமே செயல்படும்.