டிரிப்டோபான் போதும் என்று பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது?

ஈ.கோலி பாக்டீரியா தன் புரதங்களுக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளும். கொஞ்சம் சர்க்கரையும் அம்மோனியா உப்பும் இருந்தால் போதும். மனித உடலுக்கு அந்தத் திறமை இல்லை. 9 அமினோ அமிலங்கள் உணவில் வந்தே ஆகவேண்டும். ஆனாலும் பாக்டீரியா அமினோ அமிலங்களை எந்நேரமும் செய்துகொண்டிருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் செலவாகிறது, டிரிப்டோபானுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். அது வெளியே கிடைக்கும்போது, அதைச் செய்யும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன.

இந்த வேலைக்கான 5 மரபணுக்களும் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்து, ஒரே தொகுதியாக இருக்கின்றன. இத்தகைய தொகுதிக்கு ஓபரான் என்று பெயர். பாரிஸில் ஜாகப், மோனோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960-61இல் முன்வைத்த கருத்து இது. தொகுதியைக் காக்கும் அடக்கிப் புரதம் தனியாக இருந்தால் டி.என்.ஏ.யில் உறுதியாக ஒட்டாது. டிரிப்டோபான் அதனுடன் சேர்ந்தால் வடிவம் மாறி, தொகுதியின் தொடக்கத்தில் அமர்ந்து, ஆர்.என்.ஏ. படியெடுப்பதை மறித்துவிடும். உற்பத்தி சுமார் 70 மடங்கு குறைகிறது.

அடக்கிப் புரதம் பழுதான பாக்டீரியாவிலும் ஓரளவு கட்டுப்பாடு மிஞ்சியிருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யானோஃப்ஸ்கியின் குழு 1970களில் அதன் காரணத்தைத் துருவியது. மரபணுக் கட்டுப்பாட்டில் இவ்வளவு அழகான ஏற்பாடு வேறு உண்டா என்பது சந்தேகமே. ஆர்.என்.ஏ.யின் தலைப்பகுதியில் 14 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு புரதத்துக்கான செய்தி இருக்கிறது. அதில் இரண்டு டிரிப்டோபான்கள் அருகருகே வருகின்றன. புரதங்களில் அபூர்வமாகவே வரும் அமினோ அமிலம் இப்படி இரட்டையாக வருவது தற்செயல் அல்ல. பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போதே, புரதத்தைக் கட்டும் ரைபோசோம் அதைப் படித்துக்கொண்டு பின்னால் வரும். டிரிப்டோபான் தாராளமாக இருந்தால் ரைபோசோம் தடையின்றி முன்னேறும், ஆர்.என்.ஏ. கொண்டை ஊசிபோல மடிந்து, படியெடுக்கும் நொதியைக் கழற்றிவிடும். மரபணுக்களை எட்டுமுன்பே வேலை நின்றுவிடும். டிரிப்டோபான் அரிதானால் ரைபோசோம் அந்த இரட்டை இடத்தில் காத்து நிற்கும். அதற்குள் ஆர்.என்.ஏ. வேறு விதமாக மடிந்துவிடுவதால் நிறுத்தும் மடிப்பு உருவாகாது, படியெடுப்பு தொடரும். இரண்டு பூட்டுகளும் சேர்ந்து சுமார் 600 மடங்கு வேறுபாட்டைத் தருகின்றன. இதே உத்தி வேறு அமினோ அமிலங்களுக்கும் உண்டு: ஹிஸ்டிடின் மரபணுத் தொகுதியின் தலைப்பகுதியில் 7 ஹிஸ்டிடின்கள் வரிசையாக நிற்கின்றன.

மரபணுவை அடக்கினாலும் ஏற்கெனவே உருவான நொதிகள் வேலை செய்துகொண்டிருக்கும். அவற்றை உடனே நிறுத்த, செய்து முடிந்த அமினோ அமிலமே தன் பாதையின் முதல் நொதியில் ஒட்டி அதை முடக்குகிறது.

இந்தச் சிக்கனம்தான் அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் தொழிலுக்கு இடைஞ்சல். கோரினிபாக்டீரியம் குளூட்டாமிகம் என்ற மண் பாக்டீரியாவில் லைசின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் சேர்ந்துதான் லைசின் பாதையின் முதல் நொதியை முடக்கும். ஜப்பானில் கினோஷிதாவின் குழு 1950களின் இறுதியில் திரியோனின் செய்ய முடியாத வகைகளைக் கண்டெடுத்தது. திரியோனினை அளந்து கொடுத்ததும் கட்டு தளர்ந்தது; லைசின் வெளியே குவிந்தது. அதே பாக்டீரியா பயோட்டின் என்ற வைட்டமின் பற்றாக்குறையில் குளூட்டாமிக் அமிலத்தை வெளியே விடுகிறது. கரும்பு வெல்லப்பாகில் பயோட்டின் மிகுதி என்பதால், அதைப் பயன்படுத்தும்போது குளூட்டாமிக் அமிலம் வெளியே வருவதற்குப் பென்சிலின் சேர்க்க வேண்டியிருந்தது.

திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இருக்கும் வட்டார ஆய்வுக்கூடம் இந்தத் துறையில் உழைத்தது. 2007 முதல் அது தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று வழங்குகிறது. அங்கு மாதவன் நம்பூதிரியும் அசோக் பாண்டேயும் மரச்சீனிக்கிழங்கின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, அதில் பாக்டீரியாவை வளர்த்து, குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்த ஆய்வை 1999இல் வெளியிட்டனர். பறித்த சில நாட்களிலேயே கெட்டுப்போகும் இந்தக் கிழங்குக்கு, தென் கேரளத்திலும் குமரியிலும் இதைவிட மேலான பயன்கள் அதிகம் இல்லை. ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஆலை வரை வர வேண்டிய வேலை இது.