சூழல் மாறிகளும் தரவுத்தளமும்

மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே, கி. மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த பௌத்த மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பெற்றன என்பர். எதனை நினைவில் வைப்பது, எதனை எழுதி வைப்பது என்னும் வினா கணினித் துறையிலும் உண்டு.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை அணுகும் நிரல், எந்தக் கணினி, எந்தத் துறை எண், எந்தப் பயனர் என அறிதல் வேண்டும். கட்டளையில் நேரே குறித்தால் அதுவே செல்லும். குறியாவிடின் பிஜிஹோஸ்ட், பிஜிபோர்ட், பிஜியூசர் முதலிய சூழல் மாறிகளை நோக்கும். அவையும் இல்லையெனில் 5432 போன்ற இயல்பு மதிப்பைக் கொள்ளும்.

சூழல் மாறியாவது, ஷெல் என்னும் கட்டளை ஏற்கும் நிரல் தன் நினைவிற் கொண்டுள்ள பெயரும் மதிப்பும். 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இம்முறை அமைந்தது. எக்ஸ்போர்ட் கட்டளை பெற்ற மாறிகளே ஷெல் தொடக்கும் பிற நிரல்களைச் சென்றடையும். சென்றடைவதும் படியே, மகன் தன் படியைத் திருத்தினும் தந்தையின் ஏடு மாறாது. மாணவர் பலர் மயங்குமிடம் இதுவே. ஷெல்லை மூடினால் அம்மாறிகளும் மறையும்.

மறைவது நன்றெனக் கருதிக் கடவுச்சொல்லையும் பிஜிபாஸ்வேர்ட் என்னும் மாறியில் இடுவாருளர். அது தகாது. சில இயங்குதளங்களில், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையாற் பிறரும் அதனைக் காணலாகும். மாத்தளைப் பாடசாலையொன்றின் புள்ளிப் பதிவேடு அச்சொல்லின் பின்னே இருப்பின் நிலைமை என்னாகும்? ஆதலின் கடவுச்சொல்லை மட்டும், புள்ளியிட்டுத் தொடங்கும் பிஜிபாஸ் என்னும் கோப்பில் எழுதி, சிஹெச்மோட் 0600 என்னும் கட்டளையால் உரியவர் ஒருவரே படிக்குமாறு செய்தல் வேண்டும். யுனிக்ஸ் வழிவந்த தளங்களில், அவ்வுரிமை தளர்ந்திருந்தால் மென்பொருள் எச்சரிக்கை விடுத்து அக்கோப்பையே புறக்கணித்துவிடும்.