தடுப்புச் சுவரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்!

ஊட்டி, குன்னூர் பக்கம் டூர் வருகிறவர்கள், சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் வீடுகளைப் பார்த்து, "கொடுத்து வச்சவங்க!" என்று பெருமூச்சு விடுவார்கள். ஐப்பசி மழையில் நடு ராத்திரி டார்ச் லைட்டோடு தடுப்புச் சுவரைப் பார்க்க ஓடும் எங்கள் பாடு அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

இங்கே வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தகரக் கூரையில் ஆணி ஓட்டைகளை அடைக்க வேண்டும். சுவரில் பூஞ்சணம் சுரண்ட வேண்டும். சிமென்ட், மணல் எல்லாம் மலையேறி வருவதால் வண்டி வாடகையே பாதிப் பணத்தைத் தின்றுவிடும். இத்தனையிலும் முக்கியம், தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் குழாய்கள். மண்ணும் வேரும் அவற்றை அடைத்துக்கொண்டால் பின்னால் மண் ஊறி, கனம் ஏறி, சுவரையே தள்ளிவிடும். பூஞ்சணத்தை அடுத்த மாசம் பார்த்துக்கலாம். இதைத் தள்ளிப் போடவே கூடாது.

2009 நவம்பர் மழையில் எங்கள் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண் சரிவில் பலியானார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழையில்தான் எங்கள் தெரு டீச்சரம்மா வீட்டுப் பின்பக்கச் சுவர் சரிந்து, சமையலறையும் போனது. வீட்டுக் கடனோடு எடுத்த பாலிசி இருந்தது. சமையலறைக்குப் பணம் வந்தது. "தடுப்புச் சுவர் மதிப்பில் சேரலைம்மா" என்று சொல்லிவிட்டார்கள். சுவர் இல்லாமல் சமையலறையை எதன் மேல் கட்டுவது? பாவம், வளையலை அடகு வைத்துத்தான் சுவரை எழுப்பினார்.

சகோதரிகளே, 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி வந்திருக்கிறது. எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் இதைத் தர வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு. தீ, புயல், வெள்ளம், மண் சரிவு, பாறை உருளுவது, வீட்டின் மேல் மரம் விழுவது எல்லாம் இதில் அடங்கும். தடுப்புச் சுவர், மதில், கேட்கூட வீட்டோடு சேர்த்திதான். ஆகவே மதிப்புப் போடும்போதே, "தடுப்புச் சுவரைத் திரும்பக் கட்ட ஆகும் செலவையும் சேர்த்துக்கங்க" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மனையின் விலை இதில் வராது. கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுதான் கணக்கு. கட்டடம் 20 லட்சம் என்றால் வீட்டுச் சாமான்களுக்கு 4 லட்சம் தானாகவே சேர்ந்துவிடும். அதாவது 20 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம்.

ஒரு வயிற்றெரிச்சல். தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. வீட்டுக்கு மட்டும் 18 சதவீதம் கட்டத்தான் வேண்டும். தலைக்கு மேல் இருக்கும் கூரை என்ன ஆடம்பரச் சாமானா?

கொட்டி நிரப்பிய மண் தானாக இறங்கினால் பணம் கிடைக்காது. கட்டட வேலைக்காக மண் தோண்டியதால் சரிந்தாலும், கட்டிய லட்சணமே சரியில்லை என்றாலும் அப்படித்தான். அதனால் மலையில் வீடு வாங்குகிறவர்கள், எங்கே வெட்டினார்கள், எங்கே நிரப்பினார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வீட்டுக் கடன் முடிகிறதா? அதோடு எடுத்த பாலிசியும் முடிகிறதா என்று பாங்கில் கேளுங்கள். பலர் வீட்டில் பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் இது மறந்தே போகிறது.

மழைக்கு முன் சுவரை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, கொத்தனார் ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். சரிந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். கம்பெனி கையை விரித்தால், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

- ஒரு வாசகி, குன்னூர்