ஏழு பேர்ச்சஸ் காணியும் ஒரு பலாக்கன்றும்

கொத்மலை என்றால் வெளியூர்க்காரருக்கு அணைக்கட்டுதான் ஞாபகம் வரும். 1985இல் திறந்த அணை. 87 மீற்றர் உயரம். பின்னால் 174 மில்லியன் கன மீற்றர் தண்ணீர் தேங்கி நிற்கும். 201 மெகாவாட் மின்சாரம் அங்கிருந்து புறப்படும். அதற்கு மேலே, தேயிலை மலைகளில், மாசி மாதத்தில் பெண்கள் வெறும் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசைக்கும் வீட்டைச் சுற்றி நாம் நட்டதற்கும் நடாததற்கும் தொடர்பு உண்டு.

முன்பு தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு ஒரு பீலி இருந்தது. மேலே ஊற்று, பிளந்த மூங்கிலோ மடித்த தகரமோ வழியாகத் தண்ணீர் இறங்கும். குடிக்க, குளிக்க, துணி அலச எல்லாவற்றுக்கும் அதுதான். வழிந்த தண்ணீரை ஒரு சிறு கான் லயத்தின் கோடிப்பக்கம் கொண்டுபோகும். அங்கே சேம்பும் வாழையும் நிற்கும். கானின் இரு கரையிலும் வல்லாரை, பொன்னாங்காணி. வல்லாரையைப் பிடுங்க அம்மா விடமாட்டார். இலைக்காம்பை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். "கொடிய அறுத்திட்டா கரை கரைஞ்சிரும்" என்பார். கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி அது. ஐப்பசி மழையில் கான் நிறைந்து ஓடும்போதும் அந்தக் கரை அசையாது.

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்லவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒரு பீலிக்கு இருபது குடும்பம். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்துவிட்டுக் காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓட வேண்டும். கோடித் தோட்டத்தில் இன்னொன்றும் இருந்ததில்லை: மரம். போஞ்சி, நோக்கோல், பீட்ரூட் என்று மூன்று மாதத்தில் கைக்கு வருவதைத்தான் போட்டார்கள். மண் தோட்டத்துக்குச் சொந்தம். 1948இல் நம் குடியுரிமை போனது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்தக் குடும்பம் எப்போது இந்தியாவுக்குக் கப்பலேறும் என்று தெரியாது. காய்க்க ஏழெட்டு வருடம் எடுக்கும் பலாவை யார் நடுவார்கள்? சோம்பலாலோ அறியாமையாலோ அல்ல, உரிமை இல்லாததால்தான் நம் வாசல்கள் மரமற்றுக் கிடந்தன.

கீழே இருந்த சிங்களக் கிராமங்களில் நிலைமை வேறு. பலா, கித்துள், கமுகு, அதில் படர்ந்த மிளகு, அடியில் இஞ்சியும் மஞ்சளும் என்று அடுக்கடுக்காய் நின்ற கண்டிய வீட்டுத்தோட்டங்கள். உதிர்ந்த இலை மண்ணை மூடிக்கிடப்பதால் மழை அடித்து விழாது, வெயில் நேரே சுடாது. தை, மாசியிலும் இலையை விலக்கினால் ஈரம் தெரியும். அப்படிப்பட்ட தோட்டங்கள் பலவற்றை நீர்த்தேக்கமே விழுங்கிவிட்டது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரிகின்றன.

ஊற்றுகள் வற்றிய கதை இன்னும் மேலே தொடங்குகிறது. கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிய, அந்த மலைகள் தேயிலைக்குப் போயின. பிறகு விறகுக்கும் மரத்துக்கும் டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ். தரிசுகளிலும் புல்வெளிகளிலும் பைனஸ். வேகமாக வளரும் மரம் வேகமாகவே தண்ணீரைக் குடிக்கும். ஊற்றுத் தலையில் நிற்க வேண்டியவை நம் மண்ணின் காட்டு மரங்களும் ஓடையோரப் பெரணிகளும்.

இன்றைக்கு வருவோம். இந்திய உதவியுடன் மலையகத்தில் தனி வீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இப்படிப் பலருக்குக் கிடைத்தது 550 சதுர அடி வீடு, 7 பேர்ச்சஸ் காணி. அதாவது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக 1,350 சதுர அடி மிஞ்சும். பல்லாயிரம் குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கின்றன என்றாலும், கிடைத்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் பல வீடுகளில் அந்த 1,350 சதுர அடிக்கு முதலில் வருவது கொங்கிறீட். அதன்மேல் பிளாஸ்டிக் சாடிகளில் ரோஜா. சாடிச்செடி தினமும் தண்ணீர் கேட்கும். மழைத் தண்ணீரோ கொங்கிறீட்டில் வழுக்கி அடுத்த வீட்டு மண்ணை அறுத்துக்கொண்டு போகும்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதை ஓர் அக்காவின் வீட்டில் பார்த்தேன். மூன்று கம்பை ஆங்கில 'A' எழுத்துப்போலக் கட்டி, நடுவில் கல் தொங்கும் கயிறு. அதைச் சரிவில் நகர்த்தி நகர்த்தி ஒரே மட்டத்தில் குச்சி அடித்து, அந்தக் கோட்டில் வெட்டிவேர்த் தூர்களை ஒரு சாண் இடைவெளியில் நட்டிருந்தார்.

"இது எதுக்குங்க அக்கா இவ்வளவு நெருக்கமா?"

"தண்ணி நடந்து போகணும் தம்பி, ஓடக் கூடாது. ஓடுனா மண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

வெட்டிவேர் பக்கத்தில் படராது. நேரே கீழே இரண்டு மூன்று மீற்றர் வரை இறங்கும். குளிர் கூடிய மேல்மலையில் மெதுவாகத்தான் வளரும், கொத்மலை உயரத்தில் நன்றாகவே வரும். வரிசைக்கு மேலே மண் தங்கித் தங்கி ஒரு சிறு படி உருவாகியிருந்தது. அந்தப் படியில் கறிவேப்பிலை, ஆடாதோடை. பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் இடத்தில் வல்லாரை. வேலியோரம் ஒரு பலாக்கன்று. நட்ட முதல் வருடம் தண்ணீர் ஊற்றினாராம்; இப்போது வறட்சியிலும் வாளியைத் தூக்குவதில்லை.

கூரையையும் மறக்கக் கூடாது. 550 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சுமார் 500 லீற்றர். பீலியும் தாங்கியும் இருந்தால் ஒரே மழையில் ஒரு சிறு தாங்கி நிறையும். கூரைநீர் சேகரிப்புக்கு இலங்கையில் 2005 முதல் தேசியக் கொள்கையே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பைப் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் உறிஞ்சு குழி வெட்டிவிடாதீர்கள். சமவெளிக்கு அது சரி. செங்குத்துச் சரிவில் தண்ணீரை ஓரிடத்தில் மண்ணுக்குள் இறக்கினால் மலை கனத்துச் சரியக்கூடும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களையே மூடியதை நாம் பார்த்தோம். தாங்கி நிரம்பி வழியும் தண்ணீர் கானில்தான் சேர வேண்டும். கான் எப்போதும் துப்புரவாக இருக்க வேண்டும். சரிவில் வெடிப்போ புதிய ஊற்றோ கண்டால், செடி நடுவதை விட்டுவிட்டு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

காணி உறுதியும் திறப்பும் கொடுக்கிற மேடைகளில் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இதுதான்: அதோடு ஒரு பலாக்கன்று, ஒரு கட்டு வெட்டிவேர், ஒரு மழைநீர்த் தாங்கி இவற்றையும் கொடுங்கள். வீட்டுக்காரர்களே, கொங்கிறீட் போடுமுன் பாதி வாசலையாவது மண்ணாக விட்டு வையுங்கள்.