மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

சென்ற மாதம் எழுதிய மாதிரித் தேர்வில் ஒரு மாணவிக்கு 524 மதிப்பெண். இந்த மாதம் 480. "படித்ததெல்லாம் எங்கே போயிற்று?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மாணவியும் கலங்குகிறாள். நுழைவுத் தேர்வையே எழுத வேண்டாம் என்று சிலர் முடிவு செய்வதும் இப்படிப்பட்ட ஒரு தாளைப் பார்த்துத்தான். அந்த முடிவுக்கு 480 என்ற எண் தகுந்த சான்றுதானா?

முதலில் ஒரு சோதனை செய்து பார்ப்போம். 100 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 30 கொட்டைகளின் மேல் வண்ணப் புள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி, பாராமல் 18 கொட்டைகளை எடுங்கள். புள்ளி இல்லாதவை எத்தனை என்று குறித்துக்கொண்டு, மீண்டும் பானையில் போட்டுக் குலுக்குங்கள். இப்படி இருபது முறை செய்யுங்கள். ஒரு முறை 15 வரும், மற்றொரு முறை 10 வரும். பானையில் உள்ள கொட்டைகளோ மாறவே இல்லை!

இப்போது பானையைப் பாடத்திட்டம் என்று கொள்ளுங்கள். புள்ளி இல்லாத கொட்டை, மாணவிக்கு விடை தெரிந்த கேள்வி. 2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும், மொத்தம் 720. பாடத்திட்டத்திலிருந்து கேட்கக்கூடிய ஆயிரக்கணக்கான கேள்விகளில் நம் மாணவிக்கு 70 விழுக்காடு தெரியும், தெரியாதவற்றை விட்டுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 126 கேள்விகள் சரியாகும், மதிப்பெண் 504.

ஆனால் ஒவ்வொரு முறையும் 504 வராது. எவ்வளவு விலகும் என்பதைக் கணக்கிட எளிய வழி உண்டு. மொத்தக் கேள்விகள், தெரிந்த பங்கு, தெரியாத பங்கு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 180 × 0.7 × 0.3 = 37.8, இதன் வர்க்கமூலம் சுமார் 6. கேள்விக்கு 4 வீதம் ஏறத்தாழ 25 மதிப்பெண். இதுவே திட்டவிலக்கம். அதாவது மூன்றில் இரண்டு முறை அவளுடைய மதிப்பெண் 479க்கும் 529க்கும் இடையில் இருக்கும். அவளை அழவைத்த 480ம், மகிழவைத்த 524ம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன அல்லவா? உண்மைத் தாளில் பாடவாரியாகக் கேள்விகளைப் பங்கிடுவதால் இந்த விலக்கம் சற்றுக் குறையலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 40 கேள்விகளுக்குக் குறி வைத்தால், அதனால் மட்டும் சராசரியாக 10 மதிப்பெண் கூடும். கூடவே 14 மதிப்பெண் திட்டவிலக்கமும் வந்து சேரும்.

தனி ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஒருமுறை அளந்து எழுதிவரும் மாணவனை நான் ஆய்வுக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவேன். பல முறை அளந்து சராசரி காணும்போதே பிழை குறைகிறது. மாதிரித் தேர்வும் அப்படித்தான். ஒன்பது தேர்வுகளின் சராசரி எடுத்தால் பிழை மூன்றில் ஒரு பங்காக, சுமார் 8 மதிப்பெண்ணாகக் குறையும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாம் முன்கணிக்க விரும்பும் நுழைவுத் தேர்வு, பானையிலிருந்து ஒரே ஒருமுறை எடுக்கும் கைப்பிடிதான்! அதற்கும் 25 மதிப்பெண் விலக்கம் உண்டு. ஒரே மாதிரித் தேர்வை வைத்துக் கணித்தால் பிழை சுமார் 35. ஒன்பது தேர்வுகளை வைத்துக் கணித்தால் 26. நூறு தேர்வுகள் எழுதினாலும் 25க்குக் கீழே இறங்காது. "உனக்கு 512 வரும்" என்று துல்லியமாகச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

பத்துத் தேர்வுகளில் மிக அதிகமான மதிப்பெண்ணையே தன் உண்மையான தரம் என்று எண்ணுபவர்கள் பலர். நம் மாணவியின் பத்துத் தேர்வுகளில் உச்ச மதிப்பெண் 540ஐ ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தேர்வில் அவளிடம் எதிர்பார்க்கத்தக்கதோ 504தான். உச்சத்துக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கமாகவும், பள்ளத்துக்கு அடுத்தது ஏற்றமாகவும் இருக்கும். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன், சராசரியை நோக்கித் திரும்பும் இந்த இயல்பை 1886இல் விளக்கினார். குறைந்த மதிப்பெண்ணுக்குத் திட்டிய பிறகு மதிப்பெண் உயர்ந்தால், திட்டுதான் காரணம் என்று பெரியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். திட்டாவிட்டாலும் அது உயர்ந்திருக்கும்!

இதுவரை கண்டது தற்செயல் பிழை. திருகு அளவியின் சுழிப்பிழை போன்ற முறைசார் பிழை வேறு வகை. எத்தனை முறை அளந்தாலும் அது போகாது. பாடம் நடத்திய மறுவாரமே அந்தப் பாடத்தில் தேர்வு, முன்பே பார்த்த பழைய கேள்விகள், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வீட்டில் எழுதுவது ஆகிய மூன்றும் மதிப்பெண்ணை ஊதிக்காட்டும். வேண்டுமென்றே கடினமாக அமைத்த தாள் குறைத்துக் காட்டும். உண்மைத் தேர்வின் கடினமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024 நீட் தேர்வின் திருத்திய முடிவில் 17 பேர் 720க்கு 720 பெற்றார்கள். 2025இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. இவ்விரு ஆண்டு மதிப்பெண்களை நேராக ஒப்பிட முடியுமா? 22 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதிய தேர்வில் இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசையே. ஆகவே மாதிரித் தேர்விலும், பலர் சேர்ந்து எழுதியதில் உங்கள் இடம் எது என்று பார்ப்பதே பயனுள்ளது.

இன்னொரு வியப்பும் உண்டு. சிறிதளவு வெந்நீரில் வெப்பநிலைமானியை வைத்தால், அது நீரைச் சற்றே குளிரச் செய்கிறது. அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. மாதிரித் தேர்வும் மாணவரை மாற்றுகிறது, நல்ல திசையில்! அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை படித்து, ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 விழுக்காடு.

அப்படியானால் மதிப்பெண் உயர்வது உண்மையான வளர்ச்சியா, தற்செயலா என்று எப்படி அறிவது? ஒரே கடின அளவுள்ள எட்டுத் தேர்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கின் சராசரியையும் கடைசி நான்கின் சராசரியையும் காணுங்கள். ஒவ்வொரு சராசரியிலும் பிழை 12 அல்லது 13 மதிப்பெண். அவற்றின் வித்தியாசத்தில் சுமார் 18. வித்தியாசம் இதைப் போல் இருமடங்குக்கு மேல், அதாவது 36க்கு மேல் இருந்தால், பானையில் புள்ளி இல்லாத கொட்டைகள் கூடியிருக்கின்றன என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.